கிடையாது அண்ணாச்சி கேட்ட ஒரே கேள்வி

பாலிசி எடுக்கிறேன் என்று தானாக வந்தவர்களையும் எடுக்க விடாமல் துரத்திய இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் உலகத்திலேயே ஒருத்தர்தான் இருந்திருப்பார். அவரும் எங்கள் ஆரியசாலையில்தான் இருந்தார்.

திருவனந்தபுரத்தில் ஆரியசாலைப் பக்கம் பாதிக் கடைகள் நம் தமிழ் ஆட்களுடையவை. தொண்ணூறுகளின் கடைசியில் நான் அங்கே ஒரு பாத்திரக் கடையில் சேல்ஸ்மேன். ஏஜென்டுக்கு ஒரு நல்ல பெயர் இருந்திருக்கும். கடைத்தெருவுக்கு அவர் 'கிடையாது அண்ணாச்சி'.

மற்ற ஏஜென்டுகள் கிடைப்பதைச் சொல்லித்தான் விற்பார்கள். இவர் கிடைக்காததில் ஆரம்பிப்பார். பையிலிருந்து எவர்சில்வர் ஸ்கேலை எடுத்துப் பொடி எழுத்து வரிக்குக் கீழே வைத்து, இங்கிலீஷில் ஒரு தரம், தமிழில் ஒரு தரம் வாசிப்பார். ஆள் மலையாளி என்றால் மலையாளத்தில் இன்னொரு தரம். பல்லுக்குக் கிடையாது. கண்ணாடிக்குக் கிடையாது. பிரசவத்துக்குக் கிடையாது. பதினோராவது கிடையாதில் ஒரு வெல்ல மண்டி முதலாளி பொறுமை இழந்து, அப்போ என்னதான் ஓய் கிடைக்கும் என்று கேட்டுவிட்டார்.

"அது நாலு வரிதான். நான் போன பொறவு நீங்களே படிச்சுக்கிடலாம்" என்றார் அண்ணாச்சி. மண்டிக்காரர் பாலிசி எடுக்கவில்லை.

இன்னொரு கிறுக்கும் உண்டு. பாரத்தில் மனைவியைப் பற்றிய கேள்விக்குப் புருஷன் பதில் சொன்னால் பேனாவை மூடிவிடுவார். ஒரு மிளகு வியாபாரி, என் வீட்டுக்காரிக்கு ஒரு நோயும் இல்லை, எல்லாவற்றுக்கும் இல்லை என்றே போட்டுக்கொள்ளும் என்றார். உடம்பு அவர்களுடையது, அவர்கள்தான் சொல்ல வேண்டும் என்று அண்ணாச்சி பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டார். உள்ளேயிருந்து வந்த அந்த அம்மாள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் சொன்னார். தைராய்டு, மூட்டுவலி, மாமியார். மாமியாரை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்றுதான் அண்ணாச்சிக்குத் தெரியவில்லையாம். இதைச் சொல்லிச் சொல்லிக் கடையில் சிரிப்போம்.

கல்யாணமான புதிதில் எங்களுக்கும் அவர்தான் பாலிசி போட்டார். செல்வி அப்போதுதான் அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து வந்திருந்தாள். அவர் கேட்ட ஒவ்வொன்றுக்கும் தலையைக் குனிந்துகொண்டே இல்லை, இல்லை என்றாள். அன்றைக்கு அது உண்மைதான்.

ஐந்து வருஷம் போயிற்று. குழந்தை இல்லை. ஊருக்குப் போனால் விசேஷம் உண்டா என்று கேட்காத ஆள் இல்லை. எல்லோரும் அவள் வயிற்றைத்தான் பார்த்தார்கள், என்னை ஒருத்தரும் பார்க்கவில்லை. ஊசியும் மாத்திரையுமாக அவள் வளையல்கள் போயின. கடைசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்து, சினைப்பையில் கட்டி இருக்கிறது, ஆபரேஷன் செய்தால் வழி பிறக்கலாம் என்றார்கள். இன்ஷூரன்ஸ் கைகொடுத்தால் உடனே செய்துகொள்ளலாம். இல்லையென்றால் இன்னும் ஒரு வருஷமாவது தள்ளிப்போட வேண்டும். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்துக்கொண்டு அண்ணாச்சியிடம் ஓடினேன்.

குழந்தையின்மைக்கான சிகிச்சை என்று அதில் எழுதியிருந்தது. அண்ணாச்சி ஸ்கேலை எடுத்தார்.

"கிடையாது தம்பி" என்றார். அந்த ஒரு தடவை மட்டும் அந்தச் சொல்லை அவர் மெதுவாகச் சொன்னார்.

நான் எழுந்துவிட்டேன். கையைப் பிடித்து உட்காரவைத்தார். பிள்ளை உண்டாவதற்கென்று செய்யும் ஊசி, மாத்திரை, பரிசோதனை எதற்கும் கம்பெனி தராது. ஆனால் கட்டி ஒரு நோய். அது ஆளைப் படுத்துகிறது, அதற்காக ஆஸ்பத்திரியில் படுத்து ஆபரேஷன் செய்துகொள்கிறார்கள் என்றால் அது வேறு வரி. அவளுக்கு வலி உண்டா என்று கேட்டார். வலியெல்லாம் ஒன்றும் இல்லை அண்ணாச்சி என்றேன்.

"உங்கிட்ட யாரு கேட்டா?" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்தார். அடுக்களை வாசலில் நின்ற செல்வியிடம் அதே கேள்வியைக் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். "நீ சொல்லாண்டாம்" என்று ஸ்கேலை நீட்டி அடக்கினார். செல்வி என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"ஒண்ணரை வருஷமா இருக்கு அண்ணாச்சி. மாசத்துல நாலு நாள் நிமிர முடியாது. ஏற்கெனவே ஒரு கொறை சொல்லுதாவ, இன்னொண்ணு எதுக்குன்னு சொல்லல."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. டாக்டர் கேட்காமல் இல்லை. வேதன உண்டோ என்று மலையாளத்தில் என்னைப் பார்த்துக் கேட்டார். செல்விக்கு மலையாளம் பாதிதான் புரியும். எனக்கு நன்றாக வரும் என்ற மிதப்பில், அவள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், ஒந்நுமில்லா டாக்டரே என்று நானே சொல்லிவிட்டிருந்தேன். பாவி, ஒரே வீட்டில் படுத்து எழுந்தவன் நான்.

"இல்லாததை எழுதச் சொல்லாண்டாம் கேட்டோ. இருக்கதை அவளே சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி பால் விடாத கட்டன்சாயா குடித்தார்.

மறுநாள் டாக்டரம்மா கேட்டபோது நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். உள்ளே செல்வி 'உண்டு' என்று சொல்வது கேட்டது. மறுபடி பரிசோதித்து, வலியையும் கட்டியையும் எழுதி உடனே அட்மிஷன் போட்டார். கம்பெனி முதலில் மனுவைத் திருப்பி அனுப்பியது. அண்ணாச்சி அந்த ஆபீசுக்கே போய், ஸ்கேலை வைத்து அவர்கள் வரியை அவர்களுக்கே மூன்று பாஷையில் வாசித்துக் காட்டினாராம். இரண்டாவது பாஷையிலேயே மேனேஜர் ஒத்துக்கொண்டதாகக் கேள்வி. ஆபரேஷனுக்கும் அறைக்கும் கிடைத்தது. பழைய ஊசிக்கெல்லாம் கிடையாது என்பதை அவரே முந்திக்கொண்டு வந்து சொன்னார்.

செல்வியின் வலி போயிற்று. குழந்தை வரவில்லை. இன்னும் சில வருஷம் பார்த்துவிட்டு, போதும் என்று அவள் சொன்னாள். அதையும் அவளே சொல்லட்டும் என்றுதான் காத்திருந்தேன்.

பாலிசி புதுப்பிக்கும் ஒவ்வொரு வருஷமும் அண்ணாச்சி வந்தார். எதிரே உட்காரவைத்து முதல் கேள்வியிலிருந்து அவளிடம் கேட்பார். அவளும் ஒளிக்காமல் சொல்லுவாள். இப்போது அவர் இல்லை. சென்ற மாதம் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டு, மேடத்துக்கு உடம்புக்கு ஏதாவது உண்டா சார் என்று கேட்டது. ஒன்றுமில்லை என்று வாய்வரை வந்துவிட்டது.

"எங்கிட்ட கேக்காதம்மா" என்று சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு செல்வி இருந்த அடுக்களைக்குப் போனேன்.