ராணியின் ஒப்பாரிக்கு மெட்டுப் போட்ட விவகாரம்

கள்ளக்குறிச்சி,
திங்கட்கிழமை.

மரியாதைக்குரிய அன்சர் மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கை ஆசியா பீவியின் புருஷன் நூர் முகமது ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கு அல்லாஹ்வின் கிருபையால் எல்லாரும் சுகம், என்னைத் தவிர. பாண்டிச்சேரியில் தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் கடிதம் எழுதக் காரணம், என் போன் என் மகள், தங்கள் மருமகள் ருக்சார் கையில் இருக்கிறது. அதில்தான் மெட்டுப் பதிவு செய்கிறாள்.

பி.காம். முடித்துவிட்டு வங்கிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை மச்சான். அவள் கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்ற தீனதயாளன் ஐயா ஒருநாள் முன்னூறு வருஷத்துச் செய்யுள் நாடகம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு நம் மெத்தைக் கடைக்கு வந்தார். போரில் ராசா சாகிறான், ராணி பன்னிரண்டு பாட்டு அழுகிறாள், அவ்வளவுதான் கதை. அந்தக் காலத்தில் அரண்மனைப் பாடகர்கள் அதற்கு ராகம் போட்டார்களாம், அப்புறம் நாடகக் கம்பெனிக்காரர்கள் ஆர்மோனியத்தில் வடநாட்டு மெட்டுப் போட்டார்களாம், எங்க அத்தா காலத்தில் யாரோ சினிமா மெட்டிலும் பாடிப் பார்த்தார்களாம். மூன்றையும் ஐயா எனக்குப் பாடிக் காட்டினார். மெத்தை பார்க்க வந்திருந்த இரண்டு பேர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். "மூணு மெட்டும் செத்துப்போச்சு பாய், செய்யுள் மட்டும்தான் உசுரோட இருக்குது. புது மெட்டு ருக்சார் போடட்டும்" என்றார்.

அன்னிக்குப் புடிச்சது சனி. கடைக்கு மேலதானே வூடு? விடிஞ்சதும் மாடியில "எழுந்தருள் வேந்தே, எழுந்தருள் வேந்தே"ன்னு ஒரே அழுகை. ஒரு வரி அழுவா, நிறுத்துவா, "சோகம் கம்மியா இருக்குது"ன்னு சொல்லிட்டு மறுபடியும் அழுவா. மூணாம் நாள், நான் மூஞ்சில துணி கட்டிக்கினு, தலையெல்லாம் பஞ்சு அப்பிக்கினு வேலை செஞ்சிக்கினு இருக்கேன், ஷேர் ஆட்டோ செல்லமுத்து வந்து என்கிட்டயே மெதுவா கேக்கறாரு: "கடைக்கார பாய் மவுத்தாயிட்டாராமே, எப்ப எடுக்கறாங்க?" துணியை அவுத்து, நான்தான்யா அந்தப் பாய்னேன். "அப்ப மாடியில யாரு?"ன்னாரு. அதுக்குள்ள சேதி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிடுச்சி. மத்தியானத்துக்குள்ள பதினோரு பேர் துக்கம் விசாரிக்க வந்துட்டாங்க. நான் உசுரோட இருக்கறதைப் பாத்த பிறகும் உக்காந்து டீ குடிச்சிட்டுத்தான் போனாங்க.

இதோட போயிருந்தா நான் எழுதியே இருக்க மாட்டேன். போன சனிக்கிழமை கல்வராயன் மலை மேல கரியாலூர்ல அரங்கேற்றம், புள்ளைக்குத் துணையா நானும் போனேன். ராசா வேஷக்காரன் முருகவேல் மலை ரோட்டு வளைவுல வாந்தி எடுத்து எடுத்து, கண்ணைத் தொறந்தா மரமெல்லாம் சுத்துதுன்னு வண்டியிலயே படுத்துட்டான். ஐயா என் கையைப் புடிச்சிக்கினாரு. "சண்டைக்காட்சியை விட்டுடலாம் பாய். நீங்க செத்துக் கெடந்தா போதும், வசனமே கெடையாது." ருக்சார் கிரீடத்தை வெச்சி, "அத்தா, வயிறு மட்டும் ஆடாம பாத்துக்கோங்க"ன்னு சொல்லிட்டுக் கீபோர்டுக்குப் போயிட்டா. ராணியா நடிச்ச சுபலட்சுமி என் தலைமாட்டுல உக்காந்து அழ ஆரம்பிச்சா. ரெண்டு பாட்டு ஆச்சு. மூணாவது பாட்டுல ஜனங்க எழுந்து போவ ஆரம்பிச்சிட்டாங்க. முன்வரிசையில சாலம்மாள்னு ஒரு அம்மா, சாமை வெதைக்கிற குடும்பம், சத்தமாவே சொல்லிச்சி: "சாவு வூட்லகூட இவ்ளோ நேரம் அழ மாட்டாங்க."

ருக்சார் வாசிக்கறதை நிறுத்திட்டா. நான் ஒத்தக் கண்ணால பாக்கறேன், புள்ள மொகம் செத்துப்போச்சி மச்சான். அழுதுடுவான்னு நெனச்சேன். மைக்கை எடுத்துக்கினு நேரா எறங்கிப் போயி, "நீங்க எப்டிம்மா பாடுவீங்க?"ன்னு கேட்டா. அந்த அம்மா கொஞ்ச நேரம் வெக்கப்பட்டுச்சி. அப்புறம் சுபலட்சுமி வரி வரியா எடுத்துக் குடுக்க, அதே செய்யுளை, களை எடுக்கறப்ப பாடற தாளத்துல எடுத்து வுட்டுச்சி பாருங்க! ஒரு எழுத்து தட்டல. சின்னப்பையன்னு ஒருத்தர் மேளத்தோட சேந்துக்கினாரு. ருக்சார் ஓடி வந்து கீபோர்டுல புடிச்சிக்கினா. மொத்த ஊரும் என்னைப் பாத்துக் கத்துது, "எழுந்தருள் வேந்தே! எழுந்தருள் வேந்தே!" இடுப்புல வேற ஒரு எறும்பு. ஏழு பாட்டு வரைக்கும் தாக்குப் புடிச்சேன். நானூறு பேர் மரியாதையாக் கூப்பிடும்போது எவ்ளோ நேரம்தான் படுத்துக்கினு இருக்கறது? எழுந்துட்டேன். சுபலட்சுமி "படுங்க பாய், படுங்க"ன்னு காலைப் புடிச்சி இழுக்கறா. எழுந்தவன் காலும் அந்தத் தாளத்துக்குச் சும்மா நிக்கல. அதுக்கு மேல எழுத வெக்கமா இருக்குது.

தீனதயாளன் ஐயா மேடைக்கு வந்தாரு. கண்ணெல்லாம் தண்ணி. அடிக்கப் போறாருன்னு பாத்தா கட்டிப் புடிச்சிக்கினாரு. "முன்னூறு வருஷமா அந்த ராணி கூப்டுக்கினே இருந்தா பாய், ராசா இன்னிக்குத்தான் எழுந்தான்"னாரு.

இப்போது கடைக்கு வருகிறவர்கள் "வேந்தே, ரெண்டு தலகாணி" என்கிறார்கள். ருக்சாரோ பரீட்சைப் புத்தகத்தை மூடிவிட்டாள். மலையில் இரண்டு மாசம் தங்கி, சாலம்மாளிடம் தாளம் கற்றுக்கொண்டு, பன்னிரண்டு பாட்டுக்கும் மெட்டுப் போடப் போகிறாளாம். கத்திப் பார்த்தேன். "மொதல்ல எழுந்தது நீங்கதானே அத்தா?" என்கிறாள். ஆகவே மச்சான், தாலுகா ஆபீசையே நடுங்க வைத்த அந்தக் குரலோடு ஞாயிற்றுக்கிழமை அவசியம் வந்து, அவளை அதட்டிப் பரீட்சைக்கு உட்கார வைக்க வேண்டும்.

தங்களுக்கும் பிள்ளைகளுக்கும் நீண்ட ஆயுளும் நிறைந்த பரக்கத்தும் கிடைக்க துஆ செய்யும்,
நூர் முகமது.

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் எலவனாசூர்கோட்டையிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே நாடகம் வேண்டுமாம். முருகவேல் தேறிட்டான், அவனே நடிப்பான்னேன். "அந்தத் தம்பி செத்தா எழுந்திரிக்க மாட்டாரு, பாய்தான் வேணும்"னுட்டாங்க. ஒத்துக்கினேன். அதனால வூட்டுக்கு வராம நேரா அங்க வந்துடுங்க மச்சான். ருக்சாரை அதட்ட வேண்டாம், தொண்டையைப் பத்திரமா வெச்சிக்கோங்க. இந்தத் தடவை சண்டைக்காட்சியும் இருக்குது, என்னைக் கொல்ற ராசாவுக்கு இன்னும் ஆள் கெடைக்கல.