பேச்சிக்கு நாலு வயசு

தேயிலைத் தோட்டத்தில் ஆட்களைப் பெரட்டுக்கு, வேலைக்கு வரிசைகூட, அழைக்கும் தப்பு ஒலித்துக்கொண்டிருந்தபோதுதான் பேச்சியின் முன்பல் உள்ளங்கையில் வந்து விழுந்தது.

"ஆத்தா, பல்லு!"

ராக்காயி ஓடிவந்து அவள் வாயைப் பொத்தினாள். "வாய மூடுடி! நாலு வயசுப் பிள்ளைக்குப் பல்லு விழுமா?"

"எனக்கு எட்டுதானே ஆத்தா?"

"லயத்துல எட்டு. மடுவத்துல நாலு. எத்தன தடவடி சொல்றது?"

தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் கொட்டகைதான் பிள்ளை மடுவம். ஐந்து வயது வரைதான் இடம். மத்தியானம் பாலும் ஒரு துண்டு ரொட்டியும் கொடுப்பார்கள். அரிசி விலை தலைக்குமேல் ஏறிய அந்த ஆண்டில், பேச்சி பகலில் கண்ட சாப்பாடு அது ஒன்றுதான். வயது கூடினால் தோட்டத்து அரிசி ஒரு பிடி கூடும், பால் போய்விடும். பால்தான் பெரிது என்று ராக்காயி எல்லா இடத்திலும் நாலே சொல்லி வந்தாள்.

அன்று பிள்ளைகளைச் சோதிக்க ஹட்டன் ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் வருகிறார். தாய்மாரும் நிற்க வேண்டும் என்று உத்தரவு. கணக்கப்பிள்ளையும் கூட வருவார். கண்டுபிடித்தால் தோட்டத்துப் பதிவில் பேரை வெட்டி, வேலையை விட்டு நீக்கும் பத்துச்சீட்டைக் கையில் திணிப்பார். அப்புறம் குடியிருக்க லயத்து அறையும் இல்லை.

"யார் என்ன கேட்டாலும் வாயத் தொறக்காத. குட்டையாத் தெரியணும், முழங்கால மடக்கி நில்லு."

மடுவத்து ஆயா பெற்றீசியா பார்த்ததும் தலையிலடித்துக்கொண்டாள். அவளுக்கு விஷயம் தெரியும்.

"ஏண்டி, பிள்ளை வாதம் வந்த மாதிரி நிக்குது? அதுக்கும் ஊசி போடுவாருடி!"

"நான் என்னக்கா செய்றது?"

"தொட்டில்ல போடு. தூங்குதுன்னு சொல்லிருவோம்."

பேச்சியைச் சேலைத் தொட்டிலில் சுருட்டிப் போட்டார்கள்.

"கயிறு அறுந்துரும்னு நெனச்சேன். முனகக்கூட இல்லையே!" என்றாள் ஆயா.

டாக்டர், பேர்ப் பட்டியலோடு கணக்கப்பிள்ளை பின்னால் வர, நேராகத் தொட்டிலுக்குத்தான் வந்தார்.

"நாலு வயசுப் பிள்ளை ஏன் தொட்டிலுக்குள்ள? சுகமில்லையோ? எங்க, வாயைத் திற."

பேச்சி உதட்டை இறுக்கினாள். டாக்டர் தாடையைப் பிடித்தார். இன்னும் இறுக்கினாள்.

"ஆணி ஏதும் குத்தினதோ?"

"இல்லைங்க ஐயா, அது... கொஞ்சம் வெக்கப்படும்," என்றாள் ராக்காயி.

"வெக்கமோ? இது ஆணி குத்தி வாற வாய்ப்பூட்டு நோய். ஆள் தப்பாது. ஆஸ்பத்திரிக்கு ஏத்த லொறியைக் கூப்பிடுங்க!" டாக்டர் பெட்டியைத் திறந்து ஊசியை எடுத்தார். அது தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி நீளம் இருப்பதாக ராக்காயிக்குப் பட்டது.

"பேச்சி, வாயத் தொறடி! ஆத்தா சொல்றேன்ல!"

பேச்சி மறுத்துத் தலையாட்டினாள். யார் என்ன கேட்டாலும் திறக்காதே என்றுதானே ஆத்தா சொல்லியிருந்தாள்.

ஊசி நெருங்கியது. ராக்காயி தடாலென்று டாக்டரின் சப்பாத்துக் காலில் விழுந்தாள்.

"நோயில்லைங்க சாமி! பல்லு விழுந்தத மறைக்கத்தான் மூடச் சொன்னேன். அவளுக்கு எட்டு வயசுங்க! பாலுக்காக நாலுன்னு பொய் சொன்னேன். என் பேர வெட்டுங்க. பிள்ளையக் குத்தாதீங்க!"

பெற்றீசியா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். பேச்சி வாயைத் திறந்து பல் விழுந்த ஓட்டையைக் காட்டினாள்.

டாக்டர் ஊசியை வைத்துவிட்டு அளவுகோலை எடுத்தார். வயதுக்கு ஒரு கோடு போட்ட நெட்டைக் கோல். பேச்சியை அதில் சாய்த்து நிறுத்தினார்.

"நிமிர்ந்து நில், பிள்ளை."

இனி மறைக்க என்ன இருக்கிறது? பேச்சி முழங்காலை நீட்டி, குதிகாலையும் கொஞ்சம் தூக்கி நின்றாள். ராக்காயி கண்ணை மூடிக்கொண்டாள். பத்துச்சீட்டு, மூட்டை, மழை, ரோடு எல்லாம் இமைக்குள் தெரிந்தன.

நேரம் போனது. கண்ணைத் திறந்தாள்.

டாக்டர் கோலைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், கோல் தலைகீழாக இருக்கிறதோ என்று குனிந்தும் பார்த்தார். பேச்சியின் உச்சி நாலு வயதுக் கோட்டில் இருந்தது. ஒரு மயிரிழைகூடத் தாண்டவில்லை.

கணக்கப்பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"எட்டு வயசாம்! யாருக்கிட்ட கத விடுற? அரிசி கூட வாங்க இவளுங்க இப்பிடித்தான் வயசக் கூட்டுவாளுங்க. நீங்க நாலுன்னே எழுதுங்க ஐயா!"