மேனேஜரின் இடது சிறுநீரகம்

ஒரு நாயின் உயிருக்கு விலையே கிடையாது. எங்கள் ஊர்ச் செல்லப்பிராணி மருத்துவமனையில் மட்டும் அது எண்பதாயிரம், வரி தனி.

நான் துணிக்கடைக்காரன், பேரத்திலேயே வளர்ந்தவன். எதிர்க்கடைத் தையல்கார அக்கா தன் நாய்க்கு ஆபரேஷன் என்றதும் என்னைக் கையோடு இழுத்துப் போனார். நாயின் பெயர் மேனேஜர். நாள் முழுக்கக் கடைவாசலில் படுத்திருந்து, ஆள் வந்தால் தலையை மட்டும் தூக்குவதால் கிடைத்த பதவி.

அதன் இடது சிறுநீரகம் கெட்டுவிட்டது. அதை எடுத்துவிட்டால் வலதை வைத்துப் பிழைத்துக்கொள்ளும் என்றார் டாக்டர்.

"வயித்தைக் கிழிக்கிறதெல்லாம் அந்தக் காலம்மா. மூணே ஓட்டை. ஒண்ணுல கேமரா, ரெண்டுல கருவி. தழும்பே தெரியாது."

"இவன் என்ன பொண்ணு பார்க்கவா போறான்? உயிரோட குடுங்க டாக்டர், போதும்."

"ஓட்டை சின்னதுதானே, விலை மட்டும் ஏன் பெருசு?" என்றேன்.

"சின்ன ஓட்டைக்குத்தான் சார் பெரிய படிப்பு!"



பொதுமக்களின் அறிவு வளர்ச்சிக்காக 'நேரடி ஒளிபரப்பு' ஏற்பாடாகியிருந்தது. கண்ணாடிக்கு வெளியே கூட்டத்தோடு கூட்டமாக நின்றோம். மயக்கத்தில் இருந்த மேனேஜரை இடப்பக்கம் மேலே தெரியப் படுக்கவைத்திருந்தார்கள். வீடியோக்காரருக்கு மனம் ஒப்பவில்லை.

"இந்தப் பக்கம் மூஞ்சியில கறுப்புத் திட்டு. எடுப்பாவே இல்ல. அந்தப் பக்கம் வெள்ளை. கொஞ்சம் திருப்பிப் போடுங்களேன்."

உதவியாளர்கள் திருப்பிப் போட்டார்கள். கலைக்குச் செய்யும் மரியாதை!

அக்கா கண்ணாடியைத் தட்டினார். "தம்பி, பக்கம் மாறிடுச்சுப்பா!"

"அம்மா, சத்தம் போடாதீங்க. ரெக்கார்டிங் போகுது" என்றார் வீடியோக்காரர்.

அதன் பிறகே டாக்டர் உள்ளே நுழைந்தார். மேலே எந்தப் பக்கம் இருந்ததோ, அங்கே துளையிட்டார். என்ன கை, என்ன நயம்! எடுத்ததைக் கேமராவுக்குத் தூக்கிக் காட்டினார்.

"பாருங்க, எவ்வளவு ஆரோக்கியமா..."

பாதியில் நிறுத்தினார். கைதட்டல் நிற்கவில்லை.

வெளியே வந்தவர் பெருந்தன்மையோடு சொன்னார்: "ஒண்ணும் பதறாதீங்க. அந்தப் பக்கமும் மூணு ஓட்டை போட்டுடலாம். ரெண்டாவதுக்குப் பாதி விலைதான்."

"ரெண்டும் போனா அவன் எப்படி டாக்டர் இருப்பான்?"

"அது மருந்துப் பிரிவும்மா. நான் அறுவை மட்டும்தான்."

அந்த வாரமே மேனேஜர் பதவி விலகியது. வீடியோ மட்டும் ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது. 'துல்லியத்தின் உச்சம்' என்று அதற்குத் தலைப்பு.

வியாபாரி புத்தி, கணக்குப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. எடுத்தது: நல்ல சிறுநீரகம் ஒன்று. விட்டது: கெட்டது ஒன்று. சிந்திய ரத்தம்: இல்லை. தழும்பு: இல்லை. நாய்: இல்லை. வெட்கம்: அதுவும் இல்லை.