சாவி ராவுத்தரின் கடைசிக் கரடி

கரடி நின்றது சாயங்காலம் மூன்று ஐம்பதுக்கு. பள்ளிக்கூடக் கடிகாரச் சாவியைப் போட்டு நான் அதைக் கொன்றது நாலு ஐந்துக்கு. நடுவில் இருந்த கால் மணி நேரம் நான் சும்மா இருந்திருந்தால் இந்தக் கதையே கிடையாது.

பழியை நான் ஒருத்தியே சுமக்க முடியாது. சாவி ராவுத்தருக்கும் அதில் பங்கு உண்டு. பொம்மையை விற்றுவிட்டு அதன் சாவியைத் தர மறுத்த வியாபாரி உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

ஐம்பதுகளில் பாலக்காட்டுப் பக்கம் புதுநகரத்தில் கடை வைத்திருந்தார். ஓடுகிற முயல், தாவுகிற தவளை, முரசடிக்கிற கரடி, எல்லாம் ஜெர்மனியில் ஒரு கம்பெனி செய்த தகரப் பொம்மைகள். பணத்தைக் கொடுத்தால் பொம்மையைக் காகிதத்தில் சுற்றித் தருவார். சாவி மட்டும் அவருடைய இடுப்பு வளையத்தில் மற்ற நாற்பது சாவிகளோடு தொங்கும். அவர் தெருவில் நடந்தால் அந்தச் சத்தத்தில் குதிரை வண்டி வருகிறதென்று ஜனங்கள் ஒதுங்குவார்கள்.

என் மகள் வள்ளிக்குக் கரடி வாங்கிய அன்று நானும் கேட்டுப் பார்த்தேன்.

"சாவி எங்கே ராவுத்தரே?"

"அது இங்கயே இருக்கட்டும் டீச்சரம்மா. இதுக்கு ஏழு முறுக்குதான். எட்டாவது போட்டா ஸ்பிரிங்கு போச்சு."

"நான் கணக்கு டீச்சர். ஏழு வரை எண்ண வரும்."

"எண்ண வரும். நிறுத்த வராது."

ஆகவே வெள்ளிக்கிழமை தோறும் தொழுகை முடிந்ததும் அவர் கடை வாசலில் இலவசமாக முறுக்கிக் கொடுப்பார். பட்டுக்கரை வேட்டி கட்டிய நிலக்காரர்கள் கக்கத்தில் முயலை இடுக்கிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். ஒருமுறை போலீஸ் இன்ஸ்பெக்டர் தவளையோடு வந்து வரிசையை மீறப் பார்த்தார். "தவளைக்கு அவசரமில்ல சார்" என்று ராவுத்தர் அவரைக் கடைசிக்கு அனுப்பிவிட்டார்.

அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. உலக யுத்தத்தில் ஜெர்மனியிலிருந்து பொம்மைப் பெட்டிகள் வருவது நின்றது. அப்புறம் ஒரே ஒரு பெட்டி வந்தது. அதன்பின் அவர் எழுதிய கடிதங்களெல்லாம், அந்த முகவரியில் கம்பெனி இல்லை என்ற முத்திரையோடு திரும்பின. பம்பாயிலிருந்து பிளாஸ்டிக் வாத்துகள் வந்து இறங்கின. ஊரே வாங்கியது. ராவுத்தர் அதைத் தொடக்கூட இல்லை.

"நம்ம தள்ளினா போவும், தள்ளலேன்னா கெடக்கும். இது பொம்மையா? சர்க்கார் ஆபீஸ்" என்றார்.

கடைசியாக ஒரே ஒரு கரடி மிஞ்சியது. அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். மூணாறிலிருந்து எஸ்டேட் துரை ஒருவர் கார் போட்டு வந்து, சொன்ன விலைக்குக் கேட்டார். "கம்பெனியிலெ மிச்சம் இது ஒண்ணுதான் துரை. இதையும் வித்தா நான் எதுக்கு ஏஜெண்டு?" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அந்த நாளில்தான் வள்ளிக்கு டைபாய்டு வந்தது. வயது ஐந்து. என் கணவர் ஏலக்காய் ஏலத்துக்கு வண்டன்மேடு போயிருந்தார். ஒரு வேளை மருந்துகூடத் தவறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மருந்தோ மகா கசப்பு. கரடி முரசடித்தால்தான் வள்ளி வாயைத் திறப்பாள். வெள்ளிக்கிழமை முறுக்கியதை, அதன் முதுகில் ஓட்டத்தை நிறுத்துகிற கொக்கியைத் தட்டித் தட்டி, ஒரு கரண்டிக்கு நாலு அடி என்று செவ்வாய் வரை சிக்கனமாக ஓட்டினேன்.

செவ்வாய் நாலு மணி மருந்துக்கு முன்னால் கரடி நின்றது. பள்ளிக்கூடக் கடிகாரத்தின் சாவி என் பையில் இருந்தது. செருகினேன். அதிசயமாகப் பொருந்தியது. ஏழு முறுக்கினேன். இரவு மருந்துக்கும் ஆகட்டுமே என்று எட்டாவது முறுக்கு முறுக்கினேன். உள்ளே 'டங்' என்றது. வள்ளி என்னைப் பார்த்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள்.

கெஞ்சினேன், மிரட்டினேன், நானே தட்டில் முரசடித்துக் காட்டினேன். உதடு பிரியவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது.

பக்கத்து வீட்டுப் பொன்னுசாமி எனக்காகச் சைக்கிளில் ஏழு மைல் ராவுத்தர் கடைக்குப் போய்த் திரும்பி வந்தார்.

"ஏனுங்க டீச்சர், எத்தனை முறுக்குன்னு கேட்டாருங்க. எட்டுன்னு சொன்னனுங்க. கேட்டதும் கடையைச் சாத்திப்போட்டாருங்க."

இன்றைக்கும் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும்போது ஆறாவது முறுக்கிலேயே நிறுத்திவிடுவேன்.

விளக்கேற்றும் நேரத்தில் வாசலில் சலங்கைச் சத்தம். வண்டி இல்லை, ராவுத்தர். கையில் துணி மூட்டை. அவிழ்த்தார். கண்ணாடிப் பெட்டிக் கரடி, வயிற்றைப் பிரித்து வைத்திருந்தார்.

"ஐயோ, உங்க கடைசிக் கரடி!"

"சாரமில்ல, போனா போவட்டும். ஜெர்மனியிலெ கம்பெனி பூட்டிட்டான் டீச்சரம்மா. புதுநகரத்துல பூட்டலெ."

அந்த ஸ்பிரிங்கை எடுத்து வள்ளியின் கரடிக்குள் பொருத்தினார். ஏழு முறுக்கு. முரசு அதிர்ந்தது. "பாருங்க மோளே, உங்களுக்குத்தான் அடிக்கிறான்" என்றார் வள்ளியிடம். வாய் திறந்தது, மருந்து உள்ளே போனது.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "குழந்தைக்குக் குணமாகிற வரைக்குமாவது சாவியைக் கொடுத்துட்டுப் போங்க ராவுத்தரே" என்றேன்.

அவர் சாவியை இடுப்பு வளையத்தில் மாட்டிக்கொண்டார்.

"அது மட்டும் கேக்காதீங்க. நாளைக்குக் காலையிலெ முத மருந்து எத்தனெ மணிக்கு? சொல்லுங்க, நான் வாறேன்."