பதினெட்டுக் கருவியும் ஒரு சட்டியும்

ஒரு காட்டில் ஓர் எறும்புதின்னி இருந்தாள். பெயர் செங்கமலம். அவளுக்கு எறும்பு என்றாலே ஆகாது. பிறந்தது எறும்பு தின்னும் குலம், வாய்த்ததும் அதற்கேற்ற நாக்கு. ஆனால் மனசு மட்டும் இட்லி, சட்னி, வெண்பொங்கல் என்று அலைந்துகொண்டிருந்தது.

அவளுக்குச் சமைக்கத் தெரிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. வெந்நீர் வைத்தால்கூட அடிப்பிடிக்கும் கை அவளுடையது. சமைக்கத் தெரியாதவர்கள் வழக்கமாக என்ன செய்வார்களோ அதையே அவளும் செய்தாள். கருவி வாங்கினாள். செல்போனில் விளம்பரம் பார்ப்பாள், பட்டனை அழுத்துவாள். இரண்டு நாளில் கொக்கு ஒன்று அட்டைப்பெட்டியை வாசலில் போட்டுவிட்டுப் போகும். இப்படியே மிக்சி, கிரைண்டர், இட்லி குக்கர், முறுக்கு அச்சு, பணியாரக்கல், கயிற்றை இழுத்தால் வெங்காயம் நறுக்கும் டப்பா, கிராம் கணக்கில் எடை காட்டும் மெஷின் என்று பதினெட்டுக் கருவிகள் சேர்ந்துவிட்டன.

காட்டில் மின்சாரம் எப்படி வந்தது என்று யாரும் கேட்க வேண்டாம். எறும்புதின்னி செல்போன் பார்ப்பதை ஒப்புக்கொண்டு இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். மின்சாரத்தில் போய் முரண்டு பிடிப்பது நன்றாகவா இருக்கிறது?

கருவிகளை என்ன செய்வதென்று செங்கமலத்துக்குத் தெரியவில்லை. அக்கம்பக்கத்துக்குத் தெரிந்தது. காலையில் அணில் வந்து மிக்சி கேட்டது. மதியம் மயில் வந்து பணியாரக்கல் கேட்டது. செங்கமலம் எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்தாள்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. இரவல் வாங்கிய பாத்திரத்தை யாரும் வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். போன இட்லி குக்கர் நான்கு இட்லியோடு திரும்பும். போன மிக்சி ஜாரின் அடியில் ஒரு கரண்டி புதினாச் சட்னி இருக்கும். முறுக்கு அச்சு வந்தால் கூடவே தட்டில் முறுக்கு வரும். செங்கமலத்துக்குப் பல் கிடையாது, அதனால் முறுக்கைப் பாலில் ஊறவைத்துச் சாப்பிடுவாள். எடை மெஷினைக்கூட வெறுமனே கொடுக்க மனமில்லாமல் அதன் மேல் ஒரு லட்டு வைத்து அனுப்பினார்கள். ஒரே ஒரு குறை. பாத்திரம் வரும், மூடி வராது. மூடி மட்டும் ஒரு வாரம் எங்கேயோ ஊர் சுற்றிவிட்டுத்தான் வரும்.

இப்படியே அடுப்புப் பற்றவைக்காமல் இரண்டு வருடம் வேளாவேளைக்குச் சுடச்சுடச் சாப்பிட்டாள் செங்கமலம். எறும்பின் முகத்தில்கூட விழிக்கவில்லை.

அடுத்த குகையில் கரடியார் மாசிலாமணி இருந்தார். அவரிடம் இருந்தது ஒரே ஓர் இரும்புச் சட்டி, ஒரு கரண்டி. அவர் தாளித்தால் நான்கு மரம் தாண்டி மணக்கும். சாயங்காலம் தேன் சேர்த்து அப்பம் சுடுவார் பாருங்கள், அந்த வாசனை வரும்போது செங்கமலத்தின் நாக்கு அவளைக் கேட்காமலே ஒரு முழம் வெளியே வந்துவிடும். ஆனால் அந்த அப்பம் மட்டும் அவள் வீட்டுக்கு வந்ததே இல்லை. கரடியார் இரவல் வாங்கினால்தானே வரும்! அவருக்குத்தான் சட்டி போதுமே. சமைப்பார், தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார், சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைப்பார்.

சாப்பிடுவது தனியாக என்பதால் அவருக்குப் பக்கத்து வீட்டைப் பார்க்க நிறைய நேரம் இருந்தது. பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. ஒருநாள் கிளம்பி ‘காட்டுச் சமையல் கருவிகள் ஒழுங்குமுறை அலுவலகம்’ போனார். வரிசையில் அவருக்கு முன்னால் ஆமை நின்றதால் கவுண்டருக்குப் போய்ச்சேர மூன்று நாள் ஆனது. ஆனாலும் மனுவைக் கொடுத்துவிட்டுத்தான் திரும்பினார்.

“சமைக்காத வீட்டில் பதினெட்டுக் கருவி. சமைக்கிற வீட்டில் ஒரு சட்டி. இது அடுக்குமா?” இதுதான் மனு.

நான்காம் நாள் இரண்டு வீட்டுக்கும் நோட்டீஸ் வந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் சோதனை. புகார் சொன்னவர் வீட்டையும் சேர்த்துப் பார்ப்பது விதி. கருவியை உபயோகிக்காதவர்களிடமிருந்து பறிமுதல் செய்து, அதிக மதிப்பெண் வாங்கிய வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். கரடியார் அன்றே தன் குகையில் அலமாரிக்கு இடம் அளந்தார்.

செங்கமலம் நோட்டீஸைப் படித்ததும் பந்தாகச் சுருண்டுவிட்டாள். பயம் வந்தாலும் வெட்கம் வந்தாலும் அவளுக்கு அதுதான் பழக்கம். கருவி போனால் இரவல் போகும். இரவல் போனால் இட்லி போகும். மறுபடியும் எறும்பு! நினைக்கும்போதே நாக்கெல்லாம் புளித்தது.

சரி, ஒரு சட்னியாவது அரைக்கப் பழகிவிடலாம் என்று மிக்சியில் தேங்காயைப் போட்டாள். மூடி அணில் வீட்டில் இருந்தது. பரவாயில்லை என்று பட்டனைத் திருகினாள். சட்னி கூரைக்குப் போனது. நாக்கை நீட்டிக் கூரையை நக்கிப் பார்த்தாள். எறும்பே தேவலை என்று தோன்றியது.

வியாழக்கிழமை அவளுக்குப் புத்தி வேறு பக்கம் வேலை செய்தது. வீட்டில் கருவியே இல்லை என்றால் அதிகாரி எதைச் சோதிப்பார்?

அந்த நேரம் பார்த்து முயல் பவளக்கொடி வந்தாள். அவளுக்கு மறுநாள் வளைகாப்பு. அந்த வருடத்தில் அது ஐந்தாவது.

“அக்கா, கலந்த சாதம், சட்னி, முறுக்குன்னு ஏகப்பட்ட வேலை கெடக்கு. மிக்சி மட்டும் குடுத்தீங்கன்னா...”

“மிக்சி மட்டும் எதுக்கும்மா? எல்லாத்தையும் எடுத்துட்டுப் போ!”

“பதினெட்டையுமா?”

“பதினெட்டையும். நல்ல காரியம். திருப்பிக் குடுக்க அவசரமே இல்ல. சனிக்கிழமை வந்தாப் போதும். ஞாயித்துக்கிழமைன்னாலும் சரி.”

பவளக்கொடிக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு தங்கமான மனசா என்று நினைத்துக்கொண்டே போனாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அதிகாரி உடும்பு வந்தார். பெயருக்கு ஏற்ற பிடி. ஒரு விஷயத்தைப் பிடித்தால் விடமாட்டார். கையில் படிவம் 14. அவருக்குப் பின்னால், தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு, கரடியார்.

உடும்பு சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார். கூரையில் காய்ந்த சட்னியைத் தவிர ஒன்றுமில்லை.

“கருவியெல்லாம் எங்கம்மா?”

“எந்தக் கருவி சார்?” என்றாள் செங்கமலம்.

“பொய் சொல்றா சார்! நேத்து வரைக்கும் இங்கதான் இருந்துச்சு!” என்று குதித்தார் கரடியார்.

“கண்ணுக்குத் தெரியாததைச் சோதிக்க முடியாது” என்று உடும்பு பேனாவை மூடப் போனார். செங்கமலம் பெருமூச்சு விட்டாள். பாதி மூச்சுதான் விட்டிருப்பாள், தெருவில் ஒரே சத்தம்.

பவளக்கொடியும் அவள் சொந்தக்காரர்களும் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். முயல் சொந்தம் என்றால் கேட்க வேண்டுமா, நாற்பது பேர். விடியற்காலையிலேயே விசேஷத்தை முடித்துவிட்டார்கள். இவ்வளவு தங்கமான அக்காவின் சாமான்களைச் சனிக்கிழமை வரை வைத்துக்கொள்ள யாருக்கும் மனம் வரவில்லை. ஆளுக்கு ஒரு சாமான் போக ஆட்கள் மிச்சம் இருந்ததால், மீதிப் பேர் ஆளுக்கொரு மூடியைத் தூக்கி வந்தார்கள். அணில் வீட்டு மூடியைக்கூட வழியில் கேட்டு வாங்கி வந்துவிட்டார்கள்.

செங்கமலம் டப்பென்று பந்தானாள்.

உடும்பு இட்லி குக்கரைத் திறந்தார். ஆவி முகத்தில் அடித்தது. எட்டு இட்லி. மிக்சி ஜாரில் சட்னி. பணியாரக்கல்லில் ஒரு குழிக்கு ஒரு பணியாரம். வெங்காய டப்பாவில் தயிர்ப்பச்சடி. எடை மெஷினில் இரண்டு லட்டு, நூற்றுப்பத்து கிராம் என்று காட்டிக்கொண்டு. உடும்பு ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்து வாயில் போட்டார். லட்டில் கொஞ்சம் அதிகமாகவே போட்டார்.

“கருவி சமீபத்தில் உபயோகிக்கப்பட்டதா? ஆம். கருவியில் சமைத்த உணவு உள்ளதா? ஆம். ருசி? நன்று. மூடி உள்ளதா? அடேயப்பா, பதினெட்டு வருஷ சர்வீஸ்ல எல்லா மூடியும் இருக்கிற வீட்டை இப்பத்தாம்மா பாக்குறேன்!”

“சார், இதெல்லாம் அவ சமைக்கல சார்!” கரடியார் முயல்களைக் காட்டினார். “இவங்க சமைச்சாங்க!”

“நாங்கதான் சமைச்சோம்” என்றாள் பவளக்கொடி. “அதுக்காகப் பாத்திரத்தை வெறுமனே குடுப்பாங்களா யாராச்சும்?”

“கேட்டீங்களா சார்? எழுதுங்க, இவ சமைக்கலேன்னு எழுதுங்க!”

உடும்பு படிவத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். “யார் சமைச்சதுன்னு கேக்குற கட்டம் இதுல இல்லையே. கட்டம் இல்லாததை நான் எங்க எழுத?”

அடுத்தது கரடியார் குகை. அங்கே அடுப்பு சில்லென்று இருந்தது. காலையிலேயே வரகரிசி உப்புமா கிளறிச் சாப்பிட்டுவிட்டு, அதிகாரி வருகிறாரே என்று சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, பளபளவென்று கவிழ்த்து வைத்திருந்தார்.

“சமைத்த உணவு?”

“சாப்பிட்டுட்டேனே சார்.”

“உபயோகிச்ச அடையாளம்?”

“கழுவிட்டேனே சார்.”

“மூடி?”

“தட்டு வச்சு மூடிக்குவேன் சார்.”

உடும்பு மூன்று கட்டத்திலும் ‘இல்லை’ என்று எழுதினார். அவருக்கே கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பிடித்த பேனாவை விட முடியுமா? சட்டியின் காதில் அரக்கு வைத்து முத்திரை குத்தி, அதிக மதிப்பெண் வாங்கிய செங்கமலத்தின் வீட்டில் பத்தொன்பதாவது கருவியாக இறக்கி வைத்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் காட்டில் அப்ப வாசனை வரவில்லை. செங்கமலம் சட்டியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அப்போது வாசலில் ஒரு செருமல்.

“செங்கமலம்மா...” கரடியார் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். “ஒரு மணி நேரத்துக்கு அந்தச் சட்டி கெடைக்குமா?”

“ஐயோ அண்ணே, உங்க சட்டி! நீங்களே வச்சுக்கங்க.”

“அது முடியாதும்மா. முத்திரை குத்திட்டாங்க. பேரு மாத்தணும்னா திரும்ப மனுப் போடணும். இப்பத்தான் போய்ப் பாத்துட்டு வந்தேன். வரிசைல ஆமை நிக்குது.”

சட்டி போனது. ஒரு மணி நேரத்தில் திரும்பியது. கரடியார் எவ்வளவு கோபக்காரராக இருந்தாலும் காட்டு வழக்கம் தெரியாதவர் இல்லை. சட்டிக்குள் ஆறு அப்பம், ஓரமெல்லாம் மொறுமொறுவென்று, நடுவில் தேன் ஊறி.

செங்கமலம் ஓர் அப்பத்தை நாக்கில் சுருட்டி உள்ளே இழுத்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. இரண்டு வருடம் வாசனையில் மட்டுமே தெரிந்த அப்பம்!

கரடியார் போகாமல் நின்றார். அவர் சமைத்ததை இன்னொருவர் சாப்பிட்டு அவர் பார்த்ததே இல்லை. “எப்படி... எப்படி இருக்கு?”

“அமிர்தம் அண்ணே” என்றாள் செங்கமலம், இரண்டாவதை எடுத்தபடி. “நாளைக்கு ஏலக்காய் மட்டும் கொஞ்சம் தூக்கலாப் போடுங்க.”

“போட்டாப் போச்சு!” என்றார் கரடியார். அவருக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம் என்று அவருக்கே விளங்கவில்லை. நாளைக்குப் பணியாரக்கல்லையும் சேர்த்துக் கேட்டுவிட்டுத்தான் போனார்.

நீதி: கைப்பக்குவம் உள்ளவர் பாத்திரம் கேட்டு வருவார், பாத்திரம் உள்ளவருக்குச் சாப்பாடு வீடு தேடி வரும். ஆகவே குழந்தைகளே, சமைக்கக் கற்று நேரத்தை வீணாக்காதீர்கள். மூடிகளை மட்டும் எண்ணி வாங்குங்கள். முக்கியமாக, சாப்பிட்ட பாத்திரத்தை உடனே கழுவிவிடாதீர்கள்.