கொழுந்துச் சாக்கில் போன பாம்பு

நடந்தவை, வரிசைப்படி:

1. நான் கத்தினேன்.
2. அதனால் பாம்பு கடித்தது.
3. கடிபட்டவர், அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பிட வேண்டியவர்.
4. பாம்பு என் அம்மாவின் கொழுந்துச் சாக்குக்குள் புகுந்தது.
5. ஆஸ்பத்திரியில் டொக்டர் சாக்கை அவிழ்த்தபோது உள்ளே கொழுந்து மட்டும் இருந்தது. நல்ல கொழுந்து.
6. கோழிக் குழம்பை ஆண்கள் வார்ட் சாப்பிட்டது.

எதையும் வரிசைப்படுத்திவிட்டால் புரிந்துவிடும் என்று நம்புகிறவள் நான். இந்த வரிசையைப் பல தடவை எழுதிப் பார்த்துவிட்டேன். முதல் வரியை அடித்துவிட்டால் மற்ற ஐந்தும் தானாகவே அழிந்துபோகின்றன. அதுதான் தொந்தரவு.

அப்போது நான் உயிரியல் தொழில்நுட்பம் படித்து முடித்து, மலைத் தேயிலைத் தோட்டங்களில் என்னென்ன பாம்புகள் இருக்கின்றன என்று பார்த்துப் பதியும் வேலையில் இருந்தேன். கொழுந்து எடுக்கிறவர்கள் செடிக்குள் எந்தப் பாம்பைக் கண்டாலும் விரியன் என்று அடித்துவிடுவார்கள். (செடிக்குள் கையை விடுகிறவர்கள் அவர்கள்தான். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.) எதற்குப் பயப்பட வேண்டும், எதை அதன் பாட்டுக்கு விட்டுவிடலாம் என்று ஒரு பட அட்டை தயாரித்திருந்தோம். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் அதைக் காட்டி விளக்குவோம். பிறகு மலையேறிப் பாம்பு தேடுவோம். நானும் தினேஷும்.

தினேஷ் பூண்டுலோயாக்காரர். என்னோடு ஒரே படிப்பு. நான் பெரட்டில் பாடம் நடத்துகிற தோரணையைப் பார்த்து, என்னை 'மிஸ்' என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார். ஒரு பாம்பைப் பார்த்தால் அவர் உடனே பெயர் சொல்லமாட்டார். குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். நான் அவசரப்படுத்தினால், "பொறுங்க மிஸ். அது ஒங்கள மாதிரி பஸ்ஸப் புடிக்கவா போகுது?" என்பார்.

எங்கள் அட்டையிலேயே சிக்கலான பக்கம் கோப்பி விரியனும் பூனைப் பாம்பும். முன்னது கடித்தால் விரல் போகலாம், சிறுநீரகம் கெடலாம். பின்னது கடித்தால் எறும்பு கடித்ததற்குச் சற்று மேல். ஆனால் இரண்டுக்கும் தலை முக்கோணம். இரண்டுக்கும் கண்மணி நெட்டுக்குத்தான கீற்று. இரண்டுக்கும் பழுப்பு முதுகில் கருந்திட்டுகள். வித்தியாசம் மற்ற இரண்டு இடத்தில்தான்: விரியனுக்கு மூக்கு நுனி மேலே தூக்கியிருக்கும், உடம்பும் வாலும் குட்டை. பூனைப் பாம்பு மெலிந்து, நீண்டு, செடியின்மேல் சுருண்டு கிடக்கும். 'மூக்கைப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்' என்று அட்டையின் அடியில் கொட்டை எழுத்தில் போட்டது நான். பெரட்டில் அதை எல்லோரையும் ஒரே குரலில் சொல்ல வைத்ததும் நான்.

கடைசி நாள் வேலையை வட்டவளைக்கு மேலே, நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் வைத்துக்கொண்டோம். அடுத்த வாரம் தினேஷ் கட்டாருக்குப் போகிறார். ஆய்வுகூட வேலை, ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. வேலை முடிந்து எங்கள் லயத்து வீட்டில் சாப்பாடு என்று ஏற்பாடு. "கூட வேலை செய்றவரு" என்று மட்டும்தான் வீட்டில் சொன்னேன். அப்பா விடிந்ததும் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டார். அம்மா விரத நாளா என்றுகூடப் பார்க்காமல் கோழி அடித்தார்.

மலையேறும்போது தினேஷ், "மத்தியானம் சாப்பிட்டுட்டு ஒங்க அப்பாக்கிட்ட ஒரு விஷயம் கேக்கணும்" என்றார்.

"என்ன விஷயம்?"

"அப்பாக்கிட்ட கேக்குற விஷயம் மிஸ்."

நான் மனதுக்குள் வரிசை போட்டேன். ஒன்று, எங்கள் தோட்டத்தில் மலைப்பாம்பு உண்டா என்று கேட்பார். இரண்டு, ஹட்டனுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு. மூன்று, கோழிக் குழம்பில் என்ன போட்டீர்கள். நான்காவதை எழுதவில்லை. அந்த இடத்தில் ஒரு வெற்றுக் கோடு போட்டு வைத்துக்கொண்டேன். ஏறுவது செங்குத்தான மலை. எனக்கு மூச்சு வாங்கவேயில்லை.

அம்மாவும் பக்கத்து வீட்டு ராணி அக்காவும் கொழுந்து எடுத்துக்கொண்டு நின்ற செடி நிரையில், ஒரு தேயிலைச் செடியின் மேல் அது சுருண்டு கிடந்தது. தினேஷ் குந்தி உட்கார்ந்தார். நன்றாகப் பார்ப்பதற்காக ஒரு கிளையை விரலால் மெல்ல விலக்கினார். நான் அவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். முக்கோணத் தலை. கீற்றுக் கண். கருந்திட்டு. மீதி இரண்டையும் பார்க்க எனக்கு நேரமில்லை. கத்துவதற்கு நேரமிருந்தது.

"விரியன்! கைய எடுங்க!"

அவர் திடுக்கிட்டார். கை ஆடியது. அதுவரை யாருக்கும் ஒரு கெடுதலும் நினைக்காமல் தூங்கிக்கொண்டிருந்த பாம்பு, ஆடிய விரலைக் கடித்துவிட்டுக் கீழே விழுந்தது. விழுந்த இடத்தில் அம்மாவின் கொழுந்துச் சாக்கு வாயைத் திறந்தபடி கிடந்தது. உள்ளே போய்விட்டது. அம்மா ஒரே எட்டில் போய்ச் சாக்கு வாயை முறுக்கி, நீலக் கயிற்றால் கட்டினார்.

தினேஷ் விரலைப் பார்த்தார். சாக்கைப் பார்த்தார். "மிஸ்... வாலு கொஞ்சம் நீட்டமா இருந்த மாதிரி..."

"பேசாதீங்க! பேசுனா ரத்த ஓட்டம் கூடும்!" என்று நான் அவர் கையை இறுக்கிப் பிடித்தேன். கடிபட்ட கையை அசைய விடக்கூடாது என்பது முதலுதவி விதி. (பேசக்கூடாது என்பது நான் அங்கேயே உண்டாக்கிய விதி.)

அவர் என் கையைப் பார்த்தார். பிறகு, "சரி. விரியன்தான்" என்றார்.

கீழே போக இருந்த ஒரே வாகனம் கொழுந்து லொறி. கடித்த பாம்பையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது எங்கள் பக்கத்து வழக்கம். எந்தப் பாம்பு என்று தெரிந்தால்தானே வைத்தியம்? டிரைவர் அண்ணன் முன்பக்கம் சாக்கை ஏற்றவிடவில்லை. "பாம்பு பின்னால வரட்டும், நீங்களும் பின்னால வாங்க. எனக்குப் புள்ளகுட்டி இருக்கு" என்றார். அம்மாவின் சாக்கை ஒரு மூலையில் தனியாக வைத்தோம். அம்மா சாப்பாடு கட்டிவர வீட்டுக்கு ஓடினார்.

பாதையின் முதல் முடக்கு வளைவிலேயே சாக்குகள் எல்லாம் உருண்டு கலந்துவிட்டன. எல்லாம் ஒரே மாதிரிச் சாக்கு. எல்லாவற்றிலும் கங்காணி ஒரே உருண்டையிலிருந்து வெட்டிக்கொடுத்த நீலக் கயிறு. விரியன் இருக்கும் சாக்கு எது என்று தேடிக்கொண்டு, சாக்குகளின் மேலேயே உட்கார்ந்திருந்தோம். நான் தினேஷின் கையை என் மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். விதி. மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை, நான்தான் பேசக்கூடாது என்று சொல்லியிருந்தேனே. அந்தப் பாதை எங்கள் மாவட்டத்திலேயே மோசமான பாதை. அது இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது, அசைகிற சாக்குத்தான் பாம்புச் சாக்கு என்று முடிவுசெய்து ஒன்றைக் காட்டினேன். லொறியின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததால் எல்லாச் சாக்கும் அசைந்தன என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஒரு தாதி நாற்காலியில் ஏறி நிற்க, இளம் டொக்டர் கயிற்றை அவிழ்த்து, ஒரு நீளக் கம்பால் சாக்கைக் கவிழ்த்தார். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக அழகான கொழுந்து தரையில் கொட்டியது. மற்றச் சாக்குகளோடு லொறி போய்விட்டிருந்தது.

"இதுவா கடித்தது?" என்று டொக்டர் சிங்களத்தில் கேட்டார்.

"கோப்பி விரியன்" என்றேன் நான், துளியும் தளராமல். "ஐந்து அடையாளம் இருக்கிறது."

டொக்டர் தினேஷைப் பார்த்தார். "மிஸ் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் தினேஷ்.

கோப்பி விரியனுக்கு இங்கே முறிவு மருந்து கிடையாது. படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வைத்தியம். இரத்தத்தை எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டு, உறைகிறதா என்று பார்த்தார்கள். உறைந்தது. மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் ஒழுங்காக உறைந்தது. விரல் வீங்கக்கூட இல்லை. "இவரது உடம்பு விசேஷமானது" என்று நான் டொக்டருக்கு விளக்கினேன்.

மத்தியானம் அம்மா சாப்பாட்டோடு வந்தார். அப்பா வெள்ளைச் சட்டையோடு வந்தார். வீட்டில் நடக்க வேண்டிய விசாரணை வார்டில் நடந்தது.

"தம்பிக்கு பூண்டுலோயாவுல எந்த டிவிசனுங்க?"

"மேப்பிரிவுங்க."

"கூடப் பொறந்தவங்க?"

"ஒரு அண்ணன், ஒரு தங்கச்சிங்க."

"அண்ணனுக்குக் கலியாணம் ஆயிருச்சுங்களா?" இதைக் கேட்டது அப்பா இல்லை. பக்கத்துக் கட்டிலில் கால் உடைந்து படுத்திருந்த ஐயா. அவருக்கும் ஒரு துண்டு கோழி போயிருந்தது.

தினேஷ் கரண்டியைக் கீழே வைத்தார். "ஐயா, ஒங்ககிட்ட ஒரு விஷயம்..." என்று அப்பாவைப் பார்த்துத் தொடங்கினார். அப்பா சட்டைக் காலரைச் சரிசெய்தார். வார்ட் முழுவதும் மெல்லுவதை நிறுத்தியது.

அந்த நேரம் பார்த்துத்தான் தினேஷின் அம்மாவும் அண்ணனும் செய்தி கேட்டுப் பூண்டுலோயாவிலிருந்து வந்து சேர்ந்தார்கள். அவர் அம்மா அழுதபடி மகனின் தலை, கை, கால் எல்லாவற்றையும் தடவிப் பார்த்தார். பிறகு திரும்பினார்.

"கத்துன புள்ள எது?"

வார்ட் முழுவதும் என்னைக் காட்டியது. கால் உடைந்த ஐயா கோழி எலும்பாலேயே காட்டினார்.

மறுநாள் காலை ஸ்டோரிலிருந்து, அதாவது தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து, அப்பாவின் போனுக்கு ஒரு படம் வந்தது. கொழுந்தை வாடவிடும் நீளத் தொட்டியில், மெத்தையில் படுத்ததுபோல் ஒரு பாம்பு கிடந்தது. யாரும் அடிக்கவில்லை. எங்கள் அட்டையைச் சுவரில் ஒட்டியிருந்தார்களாம். நான் படத்தைப் பெரிதாக்கினேன். மூக்கு நுனி தூக்கவில்லை. உடம்பு மெலிசு. வால் நூல்போல் நீண்டு போய்க்கொண்டே இருந்தது.

டொக்டரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் சிரிக்காமல் இருக்க எடுத்த முயற்சியை நான் மதிக்கிறேன். தினேஷின் அம்மா மதிக்கவில்லை. "நஞ்சில்லாத பாம்புக்கா எம் புள்ளைய இத்தன ஊசி குத்துனீங்க? வாடா போவோம்" என்று மகனை வேனில் ஏற்றினார். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து தினேஷ் கட்டுப்போட்ட விரலைத் தூக்கிக் காட்டினார். டாட்டாவா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. அடுத்த வாரம் கட்டாருக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் எதையாவது அடித்துச் சொன்னால் போதும். மழை வராது என்றாலும் சரி, பஸ் போய்விட்டது என்றாலும் சரி, அம்மா கேட்பது ஒன்றுதான்: "சாக்க அவுத்துப் பாத்தியா?" ராணி அக்கா இன்னும் மோசம். என்னைக் கண்டால் மூக்கைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் பேசுவார். போன தைப்பொங்கலுக்கு வந்த சித்தப்பாவுக்கு முழுக்கதையையும் அப்பா நடித்தே காட்டினார். என் கத்தலுக்கு மட்டும் அம்மா குரல் கொடுத்தார்.

கட்டாரிலிருந்து தினேஷ் எப்போதாவது செய்தி அனுப்புவார். பெரும்பாலும் யாரோ எடுத்த பாம்புப் படம், 'மிஸ், இது என்ன?' என்ற கேள்வியோடு. நான் அடையாளங்களை வரிசையாக எழுதி அனுப்புவேன். ஒரு நாள் படம் இல்லாமல் ஒரு செய்தி வந்தது.

'அது பூனைப் பாம்புன்னு கடிக்கும்போதே எனக்குத் தெரியும்.'

நான் வேலையிடத்தில் இருந்தேன். எழுந்து வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். 'அப்போ ஏன் சொல்லல?' என்று எழுதினேன்.

'சொல்லியிருந்தா கைய விட்டிருப்பீங்களே.'

அதற்குப் பதிலாக நான் எழுதியவற்றையெல்லாம் அழித்துவிட்டேன். கடைசியில், 'அது முதலுதவி விதி' என்று அனுப்பினேன். அவர் ஒரு சிரிப்பு அனுப்பினார். பிறகு ஒரு மணல்விரியன் படம் அனுப்பினார்.

இப்போதைய நிலை இது. தினேஷ் கட்டாரில் இருக்கிறார், ஒப்பந்தத்தை நீட்டித்திருக்கிறார்கள். நான் ஹட்டனில் வேலை செய்கிறேன், சனிக்கிழமைகளில் வீட்டுக்குப் போகிறேன். அட்டையில் ஒரு திருத்தம் செய்திருக்கிறோம்: 'கத்தாதீர்கள்' என்ற வரி மேலே போயிருக்கிறது. அப்பாவின் வெள்ளைச் சட்டை அலுமாரியில் இருக்கிறது. அவரிடம் கேட்க வேண்டிய விஷயத்தை இன்னும் யாரும் கேட்கவில்லை.