நெஞ்சுப் படம் ஒன்று அனுப்பவும்

வண்டிப்பெரியார்,
ஞாயிறு, பூசை முடிந்து.

மதிப்பிற்குரிய அத்தான் ஏசுதாஸ் அவர்களுக்கு, மைத்துனன் ஆசீர்வாதம் வணங்கி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் மழையும் சுகம். குமுளியில் தாங்களும் அக்காவும் ஏலக்காய்க் கடையும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். தாங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள், அக்கா காதில் இது விழக்கூடாது. ஆகவே கடிதம்.

மூன்றாம் வகுப்புக்கு எலும்புக்கூடு பாடம் வந்தது. எங்கள் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரே சார்ட்டையும் பூச்சி தின்றுவிட்டது. நம் ஆட்களின் பழக்கம் தங்களுக்குத் தெரியும். ரேஷன் கார்டு தொலைந்தாலும் தொலையும், ஆஸ்பத்திரி எக்ஸ்ரே மட்டும் பாய்க்கு அடியில் பத்திரமாக இருக்கும். "வீட்டுல இருக்கிற எக்ஸ்ரேயைக் கொண்டு வாங்க" என்று பிள்ளைகளிடம் சொன்னேன், பதினொரு பேரும் கொண்டு வந்தார்கள். தலை, கை, முதுகு, கால் என்று பொறுக்கி எடுத்துக் கிழக்கு ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினோம். நெஞ்சு மட்டும் அமையவில்லை, ஆகவே என் படத்தையே வைத்தேன். டிரைவர் மகள் டின்சி மேனேஜர் பங்களா நாயின் படத்தைக் கொண்டு வந்திருந்தாள். அதையும் காலடியில் ஒட்டி, மனிதனுக்கும் நாய்க்கும் முதுகெலும்பு உண்டு, வாலெலும்பு நாய்க்குத்தான் நீளம் என்று நடத்தினேன். வெயில் பட்டதும் ஜன்னலில் ஓர் ஆள் எழுந்து நின்றார். பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம்.

மறுநாள் போனால் ஜன்னலுக்கு வெளியே மெழுகுதிரி எரிகிறது. என் வகுப்புப் பையன் பினுவின் அம்மா இருதயம்மாள் கொழுந்து கிள்ளப் போகிற கோலத்தில் நின்று தலையோடு பேசிக்கொண்டிருக்கிறாள்.

"எங்க வீட்டுக்காரரு சார். மரத்துல இருந்து விழுந்தப்ப எடுத்தது. வேற போட்டோ கிடையாது."

விசாரித்தால் கைக்காரர் போன வருஷம் போனவர், முதுகு கொரோனாவில் போனது, நாயைக்கூடப் பாம்பு கடித்துவிட்டதாம். கால் மட்டும் ரிட்டயர் ஆன கபிரியேலுடையது, அவர் உயிரோடு இருந்தார். இருந்தார் என்று எழுதுகிறேன் பாருங்கள், வியாழக்கிழமை அடக்கம். வயசு எழுபத்தெட்டு, மாரடைப்பு என்கிறார்கள், இருக்கலாம். ஆனால் அந்த ஜன்னலில் மிச்சம் இருப்பது நான் ஒருத்தன்தானே அத்தான்? வெள்ளிக்கிழமை என் படத்தைப் பிய்க்கப் போனேன், இருதயம்மாள் கையைப் பிடித்துவிட்டாள்.

"எடுத்துராதீக சார். நெஞ்சு இல்லாம அவுக எப்படி மூச்சு விடுவாக?"

படத்தை அப்படியே விட்டு வந்தேன். பயந்துவிட்டேன், தங்களிடம் மறைப்பானேன். இதை எழுதும்போதே இடப்பக்கம் சுருக்குன்னு குத்துது, சோறு இறங்கல, தூக்கம் போச்சு, பிள்ளைங்ககூட என்னைப் பாக்காம ஜன்னலைப் பாத்துத்தான் குட்மார்னிங் சொல்லுதுங்க.

ஆகவே தங்கள் காலஞ்சென்ற தகப்பனாரின் நெஞ்சுப் படம் பீரோவில் இருக்கும், அதைப் பஸ் கண்டக்டர் ஜிபியிடம் உடனே கொடுத்தனுப்பவும். அவருக்கு இனி ஒன்றும் ஆகப் போவதில்லை. என் உயிர் தங்கள் கையில்.

அக்காவுக்கு என் அன்பு. அந்தோணியார் தங்கள் வாசலில் நின்று காக்கட்டும்.

இப்படிக்கு,
இன்று காலைவரை மூச்சு விடும் மைத்துனன்,
ஆசீர்வாதம்.

பி.கு.: கவரை ஒட்டும் முன் பள்ளிக்கூடம் வரை போய் வந்தேன். படம் அனுப்ப வேண்டாம். கம்பத்தில் நாம் இருவரும் ஒரே நாளில் எக்ஸ்ரே எடுத்தோமே, அங்கே நம் படங்களைக் கவர் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். ஜன்னலில் இருக்கும் நெஞ்சுப் படத்தின் மூலையில் ஒட்டியிருந்த பிரவுன் டேப்பை உரித்தால் தங்கள் பெயர் இருக்கிறது. என் நெஞ்சுவலி அந்த நிமிஷமே நின்றுவிட்டது, சந்தோஷப்பட்டதற்கு மன்னிக்கவும். இருதயம்மாளிடம் சொன்னேன். "சாரோட அத்தானா, தங்கமான மனுசராச்சே" என்று இன்னொரு மெழுகுதிரி ஏற்றினாள். பாடம் புதன்கிழமைதான் முடிகிறது. அதுவரை தாங்கள் கம்பம் மலைப்பாதையில் பஸ் ஏற வேண்டாம்.